குழவி திருடியவன்

குகடி ஆற்றின் பேரைச் சொல்லி நான் பிறருக்குக் கொடுத்த கற்கள் ஏறக்குறைய 900 இருக்கும். கணக்கு என் டைரியில் இருக்கிறது. 2011 முதல் 2019 வரை 43 பயணம், பயணத்துக்கு இருபது இருபத்திரண்டு பேர், ஆளுக்கு ஒரு கல். அவற்றில் சில அந்த ஆற்றுக் கற்களே அல்ல. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன், சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வரட்டும்.

யாரும் என்னைப் பிடிக்கவில்லை. வழக்கு இல்லை, அபராதம் இல்லை. எடுத்தது மரகதமோ சிலையோ அல்ல, உள்ளங்கையில் அடங்கும் கறுத்த கூழாங்கல்தான். ஆற்றில் ஒரு கல் எடுப்பதும் குற்றமா என்று கேட்டால், எந்தக் குழியிலிருந்து எடுத்தேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

புனேயிலிருந்து நகர் சாலையில் வாகோலி, ரஞ்சண்காவ், ஷிரூர் என்று போய் உள்ளே திரும்பினால் மொத்தம் சுமார் 90 கிலோமீட்டரில் குகடி வரும். இக்கரை புனே மாவட்டத்தின் டாகளி ஹாஜி. அக்கரை நிகோஜ், அகமத்நகர் என்றிருந்து 2024இல் அகில்யாநகராகப் பெயர் மாறிய மாவட்டத்தில். கரையில் மல்கங்கா தேவி கோயில். ஆறு அங்கே மண்ணில் ஓடுவதில்லை, கரும்பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. பாறை முழுக்கக் குழிகள். சில குழியில் சொம்பு வைக்கலாம், சில குழியில் ஆளே இறங்கினாலும் தலை தெரியாது. வாய் குறுகி வயிறு பெருத்து, உட்சுவர் எண்ணெய் தேய்த்ததுபோல் வழவழவென்றிருக்கும். பக்கத்துப் பக்கத்துக் குழிகள் நடுச்சுவர் தேய்ந்து ஒன்றாகிப் போயிருக்கும். மராட்டியில் ராஞ்சண்களகே என்கிறார்கள். ராஞ்சண் என்றால் வீட்டுக் கூடத்தில் தண்ணீர் நிரப்பி வைக்கும் பெரிய மண்தாழி.

இதை நான் விளக்கும் விதம் ஒன்று உண்டு. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. கூட்டத்தைப் பாறைமேல் உட்கார வைப்பேன். "உங்க பாட்டி வீட்டு ஆட்டுரல் ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பிப்பேன். வெள்ளத்தில் ஆறு சுழிக்கிறது. பாறையில் ஒரு சின்ன விரிசல், ஒரு பள்ளம். அதில் ஒரு கல் மாட்டிக்கொள்கிறது. சுழலும் தண்ணீர் அந்தக் கல்லை வெளியே விடாமல் சுற்றுகிறது. கல் பாறையை அரைக்கிறது, பாறை கல்லை உருட்டுகிறது. மாவுக்குப் பதில் மணல். அரைத்து அரைத்துக் கல்லே கரைந்துபோனால் அடுத்த வெள்ளம் வேறொரு கல்லைக் கொண்டுவந்து போடும். குழி என்பது உரல். அடியில் கிடக்கும் உருண்டைக் கல் குழவி. குழவி இல்லாத உரல் வெறும் தொட்டி.

இதைச் சொல்லி முடித்ததும் எட்டும் தூரத்துக் குழி ஒன்றில் கையை விட்டு, அடியில் கிடக்கும் கல்லை எடுத்துக் காட்டுவேன். முட்டைபோல, எலுமிச்சைபோல உருண்டிருக்கும். எல்லோரும் வாய் பிளப்பார்கள். அந்தக் கல்லை அன்றைக்கு அதிகமாகக் கேள்வி கேட்ட ஆளின் கையில் வைத்து, "வெச்சுக்கங்க, ஞாபகமா" என்பேன். பிறகு மற்றவர்களையும் ஒவ்வொரு குழியாக அழைத்துப்போய் ஆளுக்கொன்று.

குழவி இல்லாவிட்டால் உரல் இல்லை என்று வாயால் சொல்லிக்கொண்டே கையால் குழவியை எடுத்துக் கொடுத்தேன். ஒன்பது வருஷம். இரண்டுக்கும் நடுவில் அரை நிமிஷ இடைவெளிகூட இல்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. தெரிந்ததைச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன், தெரிந்ததற்கு நேர்மாறாகச் செய்து நன்றியும் வாங்கினேன்.

நான் புனேக்கு வந்தது 1996இல். பிம்ப்ரி பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு, குடியிருப்பு கட்கியில். கல் படித்தவன் அல்ல. ஆனால் கல் பைத்தியம் ஊரிலிருந்தே வந்தது. எங்கள் பக்கம் திருவக்கரை. பௌர்ணமிக்கு வக்கிரகாளி அம்மன் கோயிலுக்குப் பாட்டி கூட்டிப் போவாள். கோயிலுக்குக் கிட்டத்திலேயே கல்மரங்கள் கிடக்கும் மேடு. சுமார் இரண்டு கோடி வருஷத்து மரங்கள், கல்லாகிப் படுத்துக் கிடக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940லேயே அதைப் பூங்காவாக ஒதுக்கியது. எட்டு வயசில் அங்கிருந்து ஒரு துண்டை டவுசர் பையில் போட்டு வந்தேன். மரத்தின் நார் வரிகூடத் தெரியும், தட்டினால் கல் சத்தம். அம்மா அதைக் கொஞ்ச நாள் ஜன்னலில் வைத்திருந்தாள், பிறகு தண்ணீர்ப் பானை ஆடாமல் இருக்க அண்டக் கொடுத்தாள். அது திருட்டு என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் பாட்டி அம்மனுக்குப் பயந்தாவது திருப்பிப் போட வைத்திருப்பாள்.

கல்லில் ஆசை உள்ளவனுக்குப் புனே ஒரு வலை. இந்த ஊரே எரிமலைக் குழம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் பூமி வெடித்து வழிந்த குழம்பு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக உறைந்தது. இன்றைக்கு மிஞ்சியிருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். சிங்ககட் ஏறினாலும் லோணாவளா போனாலும் படிக்கட்டுப் படிக்கட்டாய்த் தெரிவது அந்த அடுக்குகள்தான். உறையும்போது குழம்புக்குள் மாட்டிய ஆவிக் குமிழிகளில் பிற்பாடு தண்ணீர் கசிந்து படிகங்கள் விளைந்தன. வாகோலியில் கல்குவாரியில் கிடைத்த கேவன்சைட் என்ற நீலப் படிகத்துக்கு உலகம் முழுக்கக் கல் சேகரிப்பவர்களிடம் கிராக்கி. கால்சியம், வனேடியம், சிலிகேட் மூன்றின் ஆங்கிலப் பெயர்களிலிருந்து தொடக்க எழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் அது. முதன்முதலில் கண்டெடுத்தது 1967இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில். ஆனாலும் பேர் சொல்லும் நல்ல துண்டெல்லாம் வாகோலி சரக்கு. மயில்கழுத்து நிறத்தைப் பிடித்து வெள்ளைப் படிகத்தின்மேல் தெளித்தாற்போல இருக்கும்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. குவாரிக்காரர்கள் வெடி வைக்காவிட்டால் அந்த நீலத்தை யாரும் பார்த்திருக்கவே முடியாது. அதே வெடியில் பார்க்கப்படாமலே ஜல்லியாகிப் போனது எவ்வளவு என்றும் தெரியாது. என் அடுக்குமாடிக் கட்டடத்தின் கான்கிரீட்டுக்குள்ளேயே ஒரு நீலத் துணுக்கு இருக்கலாம். பல வருஷம் இதுதான் எனக்கு வசதியான சாக்காக இருந்தது. நகர் சாலையில் போகும்போது எதிரே ஜல்லி ஏற்றிய டம்பர்கள் வரிசையாக வரும். கிரஷர் தினமும் மலையை அரைக்கிறான், நான் ஒரு எலுமிச்சைக் கல் எடுத்தால் என்ன கெட்டுப்போகும் என்று நினைத்துக்கொள்வேன். பெரிய திருடனைக் காட்டிச் சின்னத் திருடன் தப்பிப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். நான் அதைக் கல் விஷயத்தில் செய்தேன்.

அதே குகடிக் கரையில், மேலே ஜுன்னர் தாலுகாவில், போரி என்று ஒரு கிராமம். அங்கே ஆற்றங்கரைப் படிவில் எரிமலைச் சாம்பல் அடுக்கு ஒன்று இருக்கிறது. சுமார் 74,000 வருஷத்துக்கு முன்னால் சுமத்ராவில் வெடித்த டோபா எரிமலையின் சாம்பல் காற்றில் இங்கே வந்து விழுந்தது என்று ஒரு கட்சி. இல்லை, அதைவிட வெகு பழசு என்று இன்னொரு கட்சி. அதோடு சேர்ந்து ஆதிமனிதனின் கற்கருவிகளும் கிடைத்ததால் சண்டை பெரிது. சாம்பலின் வயசு மாறினால் கருவியின் வயசும் மாறும். புனே டெக்கான் கல்லூரிக்காரர்கள் பல வருஷம் அங்கே மண்ணைச் சலித்திருக்கிறார்கள். அந்தச் சாம்பலிலும் ஒரு சிட்டிகை என் அலமாரியில் இருமல் மருந்துக் குப்பியில் இருந்தது. எந்த அடுக்கில், எந்த ஆழத்தில் சுரண்டினேன் என்று குறித்துக்கொள்ளவில்லை. குறிப்பு இல்லாத சாம்பல் அடுப்புச் சாம்பலுக்குச் சமம். அந்தச் சண்டையில் சாட்சி சொல்லக்கூடிய ஒரு பொருளை வாய் பேசாமல் ஆக்கிக் குப்பியில் அடைத்து வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பயணம் ஆரம்பித்தது தற்செயல். கட்கி, தாபோடி, ராஸ்தா பேட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் நாலைந்தைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர்கள் பத்துப் பேரிடம் சொன்னார்கள். பிறகு வாட்ஸப் குழு. பேருந்துச் செலவைப் பங்கு போடுவோம், அதற்குமேல் ஒரு பைசா வாங்கியதில்லை. இதை எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். கூலி வாங்காதவன் சுத்தமானவன் என்று நினைப்பு. உண்மையில் என் கூலி வேறு. தொழிற்சாலையில் மெஷின் நின்றால் மட்டும் கூப்பிடுவார்கள், ஓடினால் யாரும் பெயர்கூடச் சொல்ல மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாறைமேல் நாற்பது கண்கள் என்னைப் பார்க்கும். "சார் ஜியாலஜி புரொஃபஸரா?" என்று யாராவது கேட்பார்கள். இல்லை என்று நான் உடனே சொன்னதில்லை. ஒரு சிரிப்பு சிரித்து, இரண்டு நிமிஷம் கழித்துச் சொல்வேன். அந்த இரண்டு நிமிஷத்துக்காகத்தான் 43 பயணம்.

கல்லைக் கையில் கொடுத்ததும் அதனால்தான். கொடுத்தால் வீட்டு ஷோகேஸில் இருக்கும், வருகிறவர்கள் கேட்பார்கள், என் பெயர் சொல்லப்படும்.

2017 குளிர்காலம். வழக்கமான உரல் கதையைச் சொல்லி, வழக்கமான குழியில் கைவிட்டேன். தோள்வரை விட்டுத் துழாவினேன். பாட்டில் மூடி இரண்டு, ஒரு குர்குரே பாக்கெட், ஒரு ரூபாய்க் காசு, கொஞ்சம் சகதி. கல் இல்லை. பக்கத்துக் குழியிலும் இல்லை. கூட்டம் காத்திருக்கிறது. ஏதோ சொல்லிச் சமாளித்துக் கோயில் பக்கம் நகர்த்தினேன். காலுக்கு வசதியான, கைக்கு எட்டுகிற குழிகளில் அநேகமாக எல்லாமே காலி. ஆழமான குழிகளில் இருக்கும், ஆனால் எடுக்க முடியாது.

முழுப் பழியும் என்னுடையது என்று சொன்னால் அதுவும் ஒரு வகை அகம்பாவம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மட்டுமா போகிறேன்? குகடியில் மேலே மாணிக்டோ, யேட்காவ் என்று அணைகள் இருக்கின்றன. தண்ணீர் பாசன முறைப்படி திறந்துவிடும்போதுதான் வருகிறது. அணைக்கு இந்தப்பக்கம் கல்லைப் புரட்டிக்கொண்டு வரும் வெள்ளம் பழையபடி வருவதில்லை. மேட்டுப் பாறையில் உள்ள குழிகளுக்குப் பெருவெள்ளம் வந்தால்தான் புதுக் கல். அது எப்போது வருமோ. ஆக, எடுத்தால் நிரம்பிவிடும் என்ற நம்பிக்கை எந்தக் குழிகளில் குறைவோ, அந்தக் குழிகளில்தான் நான் எடுத்தேன், மேட்டுப் பாறையில் நிற்பது சௌகரியம் என்பதால்.

அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். "இங்கே கல் இருந்தது, நாம் எடுத்துவிட்டோம்" என்று அதையே கதையாகச் சொல்லியிருக்கலாம். என் உரல் கதையைவிட நல்ல கதை அது. நான் செய்தது வேறு.

ஹடப்சர் பக்கம் ஒரு நர்சரியில் தொட்டிச் செடிக்கும் மீன்தொட்டிக்கும் அலங்காரக் கல் மூட்டையாக விற்பார்கள். பத்துக் கிலோ வாங்கினேன். அடுத்த பயணத்தில் பேருந்து ரஞ்சண்காவ் கணபதி கோயிலில் நின்றபோது, "நீங்க நிதானமா தரிசனம் முடிச்சு, மிசள் சாப்பிட்டு வாங்க. நான் முன்னாடி போய்ப் பாறை வழுக்குதான்னு பாத்து வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு நண்பரின் பைக்கில் முன்னால் போனேன். குழிக்கு நாலைந்தாக இறைத்தேன். கூட்டம் வந்ததும் உரல், குழவி, வாய் பிளப்பு, எல்லாம் வழக்கம்போல.

கோயில் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் மாவ்ஷி, நம் ஊரில் சித்தி என்பதுபோல, இதைப் பார்த்துவிட்டாள். என்னை அவள் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். இங்கே தெற்கத்தியான் என்றாலே அண்ணாதான். நான் பையைக் கவிழ்ப்பதைப் பார்த்து, "தேவிக்கு நேர்த்தியா அண்ணா?" என்று மராட்டியில் கேட்டாள். மல்கங்கா தேவிக்குப் பானையும் குடமும் நெருக்கமான சங்கதி. சைத்ர மாதத் திருவிழாவில் நிகோஜ் கிணற்றில் தேவியின் குடம் எழும் என்பது அங்கே நம்பிக்கை. தாழிக்குள் கல் போடும் நேர்த்தியும் இருக்கக்கூடும் என்று அவள் நினைத்திருப்பாள். நான் தலையாட்டினேன். பக்தியோடு கைகூப்பினாள்.

2018 ஜனவரியில் ஒரு பெரியவர் வந்தார். சேலத்துக்காரர். மாக்னசைட் சுரங்கத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மகன் வீட்டுக்கு வந்திருந்தார். பயணம் முழுக்க ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் கொடுத்த கல்லை விரலால் தடவினார், வெயிலில் தூக்கிப் பார்த்தார், நாக்கால் தொட்டும் பார்த்தார். அது வெள்ளைக் கல். நான் வாங்கிய மூட்டையில் வெள்ளை, மஞ்சள், கறுப்பு எல்லாம் கலந்திருந்தது. ஆற்றின் மேற்கே மூலம் தொட்டு எல்லாமே கரும்பாறை என்று அரை மணி முன்னால் நானே பாடம் எடுத்திருந்தேன்.

"தம்பி, கறுப்புப் பாறை ஊர்ல வெள்ளைக் கல் எப்படி வந்துச்சு?" என்றார், எல்லோர் முன்னாலும்.

என் பொய் எவ்வளவு வேகமாக வந்தது என்று இன்றைக்கும் ஆச்சரியம். "நல்ல கேள்வி ஐயா. எரிமலைக் குமிழிக்குள்ள குவார்ட்ஸ் விளையும்னு சொன்னேனில்ல, அது உதிர்ந்து ஆத்துல உருண்டு வந்தது." பொய்யில் முக்கால்வாசி உண்மை. குமிழிக்குள் குவார்ட்ஸ் விளைவது நிஜம். அதனால்தான் அந்தப் பொய் நின்றது. கூட்டம் தலையாட்டியது. பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஓ" என்றார்.

திரும்பி வந்து கட்கியில் இறங்கும்போது என் கையைப் பிடித்தார். உள்ளங்கையில் அந்த வெள்ளைக் கல்லை வைத்து மூடினார். "பத்திரமா வெச்சுக்கங்க தம்பி. அடுத்த வாரத்துக்கு வேணும்ல" என்றார். அவ்வளவுதான். மகனோடு ஆட்டோவில் ஏறிப் போனார்.

இந்த இடத்தில் நான் திருந்தினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நான் போய்க் கறுப்புக் கல்லாகப் பொறுக்கி வாங்கினேன். கடைப் பையனிடம், "பாலிஷ் கம்மியா இருக்கறதாப் பாத்துக் குடு" என்று கேட்டு வாங்கினேன். கடைசிப் பத்துப் பன்னிரண்டு பயணங்கள் அந்தக் கல்லில் நடந்தன. பெரியவரிடம் நான் கற்றுக்கொண்ட பாடம் அதுதான்.

என்னை நிறுத்தியதும் மனசாட்சி அல்ல. 2020இல் கொரோனா வந்தது. பிறகு முழங்கால் வலி வந்தது.

கொரோனா முடிந்தபின் தூரப் பயணம் குறைந்து, 2024 மழைக்காலத்தில் தளேகாவ் பக்கம் இந்திராயணி ஆற்றில் குண்ட்மளாவுக்கு முப்பது பேரைக் கூட்டிப் போனேன். அங்கேயும் பாறையில் குழிகள்தான், பெயரிலேயே குண்டம் இருக்கிறது. அங்கே ஒரு பழைய இரும்புப் பாலம். பழுதாகிவிட்டது, ஜாக்கிரதை என்பது அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, எனக்கும் தெரியும். ஆனால் ஆறு குழியைச் சுழற்றி அரைப்பதை மேலிருந்து பார்த்தால்தான் புரியும். முப்பது பேரையும் பாலத்தின் நடுவில் கைப்பிடியோரமாக வரிசையாக நிறுத்தி உரல் கதையைச் சொன்னேன். பாலம் லேசாக ஆடியது. "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன். எதை வைத்துச் சொன்னேன்?

2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பாலம் கூட்டத்தோடு ஆற்றில் விழுந்தது. நாலு பேர் இறந்தார்கள், ஐம்பது பேருக்குமேல் காயம். செய்தியில் முறுக்கிக் கிடந்த இரும்பைக் காட்டினார்கள். நாங்கள் நின்ற இடம் எதுவென்று தேடினேன், தெரியவில்லை. அன்று ராத்திரி வாட்ஸப் குழுவில் ஒரு பெண்மணி எழுதியிருந்தார்: "சார் புண்ணியத்துல நாம போன வருஷமே பத்திரமா பாத்துட்டு வந்துட்டோம்." கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக. அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

கூட்டத்தை வரவிடக் கூடாது என்று ஒரு கட்சி இருக்கிறது. மழைக்காலம் வந்தால் அருவி, அணை, ஆற்றுப் பாறைப் பக்கம் போகத் தடை உத்தரவு போடுகிறார்கள். சாதாராவுக்கு மேலே காஸ் பீடபூமியில், செம்புரைப் பாறைமேல் சிறுபூக்கள் பூக்கும் காலத்தில், ஒரு நாளைக்கு 3,000 பேர் என்று கட்டுப்பாடு வைத்து முன்பதிவு வைத்தார்கள். வேலியும் போட்டார்கள். வேலி பூவைக் காக்கிறதா, ஆடுமாடு மேயாததால் பூவே குறைகிறதா என்று பிறகு வேறொரு வாதம் கிளம்பியது. பாறைக்கும் ஆற்றுக்கும் கணக்கு போடுவது அவ்வளவு சுலபமில்லை. மல்கங்காவிடம் வருகிறவர்களை எந்த வேலி போட்டு நிறுத்துவது? நம்மைவிடப் பல தலைமுறை முன்னால் வந்தவர்கள் அவர்கள். மாவ்ஷியின் டீ விற்பதும் நம்மைப் போன்றவர்கள் வந்தால்தான். புவியியல் பாரம்பரிய இடங்களுக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு சட்ட வரைவை வெளியிட்டது, கல்லையும் புதைபடிவத்தையும் பெயர்த்து எடுத்தால் தண்டனை என்றெல்லாம் அதில் இருந்தது. வரைவோடு நிற்கிறது. வந்திருந்தாலும் என்னைப் பிடித்திருக்காது. யூனிஃபாரம் போட்ட காவலாளி ஒருவர் நின்றிருந்தால் நான் அவருக்கே உரல் கதையைச் சொல்லி ஒரு கல்லையும் கையில் கொடுத்திருப்பேன். இடத்தை நேசிக்கிறவன் என்று பெயர் எடுத்தவனைத்தான் அங்கே யாரும் சோதிப்பதில்லை.

பாலம் விழுந்த மறுவாரம் குழுவில் ஒரு செய்தி போட்டேன்: நிகோஜில் நான் கொடுத்த கல் யாரிடமாவது இருந்தால் திருப்பிக் கொடுங்கள். காரணம் எழுதவில்லை. எழுத முடியவில்லை. பாதிப் பேர் ஊரே மாறிப்போயிருந்தார்கள். சென்னை, பெங்களூரு, ஒருவர் துபாய். ஒரு வீட்டில் கல் மீன்தொட்டிக்குள் இருந்தது, அது எங்கிருந்து வந்ததோ அங்கேயே போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வீட்டில் பூஜை அலமாரியில் விபூதிப் பட்டையோடு லிங்கமாக இருந்தது. அந்த அம்மாள் தர மறுத்துவிட்டார். நியாயம்தான். ஒருவர் பேப்பர் வெயிட்டாகவும், ஒருவர் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்கவும் வைத்திருந்தார்கள். மொத்தம் 61 வந்தது.

அமெரிக்காவில் அரிசோனாவில் கல்மரக் காடு ஒன்று இருக்கிறது. திருவக்கரைக்குப் பெரியண்ணன். 1906இல் பாதுகாக்கப்பட்ட இடமாகி, 1962இல் தேசியப் பூங்காவானது. அங்கே துண்டு பொறுக்கிப் போனவர்கள் பல வருஷம் கழித்து மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புவார்களாம். பூங்காக்காரர்கள் அதை மறுபடி காட்டில் போட மாட்டார்கள். எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று தெரியாமல் எங்கோ போட்டால், நாளைக்கு ஆராய்கிறவனுக்கு அது பொய்ச் சாட்சி. அதனால் ஓரிடத்தில் குவித்து வைத்திருக்கிறார்கள். மனசாட்சிக் குவியல் என்று அதற்குப் பெயர். இதைப் படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது, நான் தனியாள் இல்லை என்று. அடுத்த நிமிஷமே நிம்மதி போய்விட்டது. அவர்கள் குவியலில் இருப்பதெல்லாம் நிஜக் கல்மரம். என் 61இல் எது குகடியுடையது, எது ஹடப்சர் நர்சரியுடையது?

வெள்ளையும் மஞ்சளும் ஏழு இருந்தது, அவற்றைத் தனியே எடுத்துவிட்டேன். மிச்சம் 54. எல்லாம் கறுப்பு. வெயிலில் வைத்துப் பார்த்தேன், நனைத்துப் பார்த்தேன், பெரியவரைப்போல நாக்கிலும் வைத்துப் பார்த்தேன். பாலிஷ் கம்மியாகப் பார்த்துக் கொடுக்கச் சொல்லி வாங்கியவன் நான்தானே. கைபட்டுக் கைபட்டு எல்லாமே ஒரே வழவழப்பாகிவிட்டன. சேலத்துப் பெரியவர் இருந்தால் பிரித்துக் கொடுப்பார். அவர் போன் நம்பரை நான் வாங்கி வைக்கவில்லை.

இருந்தாலும் போன தீபாவளி விடுமுறையில் அந்த 54ஐயும் சிமென்ட் சாக்கில் கட்டி ஸ்கூட்டர் முன்னால் வைத்து நிகோஜ் போனேன். தனியாக. மழை முடிந்து தண்ணீர் வடிந்திருந்தது. பாறைமேல் கூட்டம் இருந்தது. ஒரு இளைஞன் நாலு பேரை உட்கார வைத்து எதையோ விளக்கிக்கொண்டிருந்தான். கையில் கல் எதுவும் இல்லை, போனில் படம் காட்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் நின்று கேட்டேன். என்னைவிடச் சுமாராகத்தான் சொன்னான். அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

சாக்கை இறக்கவில்லை. எந்தக் குழியில் போடுவது? எதைப் போடுவது?

மாவ்ஷி அடையாளம் கண்டுகொண்டாள். தலை முழுக்க நரைத்துவிட்டது அவளுக்கு. டீயைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் இருந்த சாக்கைப் பார்த்தாள்.

"இவ்வளவு வருஷம் கல் போட்டியே அண்ணா, நேர்த்தி பலிச்சுதா?"

"பலிச்சுது மாவ்ஷி" என்றேன்.

டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள்.